மூன்று வருஷத்தில் நாலு தடவை கேஸ் போட்டாச்சு: கொட்டிவாக்கம் வீட்டு ஏசிக்கு என்னதான் கோளாறு?

கொட்டிவாக்கம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். அதனால் விவரத்தை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

சென்னை கொட்டிவாக்கத்தில், நாலு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கடற்கரைக்கு நடந்தால் எட்டு நிமிஷம். படுக்கையறை பத்துக்குப் பதினொன்று அடி. அதில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, ஆர்32 கேஸ், 2022 மே மாதம் வாங்கியது. முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. 2023 கோடையில் குளிர்ச்சி விழுந்தது. பார்க்க வந்த பையன் கேஸ் இறங்கிவிட்டது என்று நிரப்பிவிட்டுப் போனான். 2024ல் இரண்டு தடவை. இந்த வருஷம் ஏப்ரலில் ஒரு தடவை. நாலும் சேர்ந்து 12,600 ரூபாய். பில் எல்லாம் வைத்திருக்கிறேன். ஏனென்று கேட்டதற்கு, "கடற்கரை ஊர்ல கேஸ் சீக்கிரம் தீரும்மா, வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி" என்றான். இப்போது நவம்பரில் மறுபடி குளிர்ச்சி குறைகிறது.

இது போதாதென்று இன்னும் மூன்று. மழைக்காலத்தில் 24ல் வைத்தால் அறை பிசுபிசுவென்று இருக்கிறது, படுக்கை விரிப்பே ஈரமாகத் தோன்றுகிறது. அதனால் 19ல் வைத்துத் தூங்குகிறேன். இரண்டாவது, உள்பெட்டியிலிருந்து சுவரில் தண்ணீர் வழிகிறது. மூன்றாவதுதான் எனக்குப் புரியவே இல்லை. ஏசியே இல்லாத ஹாலில், படுக்கையறையை ஒட்டிய சுவரில், புத்தக அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அந்தச் சுவரில் குழாயே ஓடவில்லை.

ரிப்பேர் பண்ணலாமா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா?

சும்மா சொல்றேன்:

மேடம், முதல்ல அந்த பிராண்டை மாத்துங்க. எங்க வீட்ல ஒன்பது வருஷமா ஏசி ஓடுது, ஒரு தடவைகூட கேஸ் போட்டதில்ல. நாங்க இருக்கறது ஆவடி.

ஈசிஆர் மெக்கானிக்:

ஆவடிக்காரர் கடைசி வரியில் அவரே பதிலைச் சொல்லிவிட்டார். அங்கே கடல் காற்று எட்டிப் பார்க்காது.

அம்மா, நான் இந்த வேலைக்கு வந்து 26 வருஷம். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரைதான் என் ஓட்டம். உங்கள் பிரச்சினையைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பையன் சொன்ன பெட்ரோல் கதையை முதலில் மறந்துவிடுங்கள். பெட்ரோல் எரிகிறது, தீர்கிறது. ஏசி கேஸ் அப்படிச் செலவாவதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உங்கள் வீட்டு பிரிட்ஜுக்கு எத்தனை தடவை கேஸ் போட்டீர்கள்? அதுவும் இதே கொட்டிவாக்கத்தில்தானே இருக்கிறது? கேஸ் குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் நிரப்பியது நாலு பில்.

ஓட்டை பொதுவாக மூன்று இடத்தில் வரும்.

செம்புக் குழாயை மெஷினோடு பூட்டும் ஃபிளேர் நட் ஒன்று. அதை மாட்டும்போது அளவுக்கு மேல் முறுக்கினால் குழாயின் விளிம்பு வெடிக்கும், குறைவாக முறுக்கினால் கசியும். ஆனால் அது முதல் வருஷமே காட்டிக் கொடுத்திருக்கும். உங்களுக்கு ஒரு வருஷம் நன்றாக ஓடியிருக்கிறது, அதனால் எனக்கு இதில் சந்தேகம் குறைவு.

அடுத்தது வெளிப்பெட்டிக் காயில், அதாவது கேஸ் ஓடும் வளைந்த குழாய்த் தொகுதி. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். அலுமினியம்தான் முதலில் போகும், தகட்டைத் தொட்டால் வெள்ளை மாவாக உதிரும். இது கண்ணுக்கே தெரியும், போய்ப் பாருங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்கள் மாதம் ஒரு தடவை வெளிக்காயிலை வெறும் நல்ல தண்ணீரால் கழுவினாலே அரிப்பு குறையும். மெயினை அணைத்துவிட்டு, சாதாரண குழாய்த் தண்ணீர் போதும். ஜெட் வாஷை வைத்துத் தகட்டை மடக்குகிறவர்களையும், ஆசிட் அடித்துப் "பளபள" காட்டுகிறவர்களையும் உள்ளே விடாதீர்கள்.

மூன்றாவது உள்பெட்டிக் காயில். எனக்கு இதில்தான் கண். இங்கே ஆள் கண்ணுக்குத் தெரியாத எதிரி இரண்டு பேர். ஒருவர் பிளைவுட் பசை, புது பெயின்ட், வினிகர் போட்ட தரை திரவம் ஆகியவற்றிலிருந்து வரும் புளிப்பு ஆவி. ஈரமான செம்பில் அது எறும்புப் புற்று மாதிரி உள்ளுக்குள் வளைந்து வளைந்து துளைக்கும். மேலே பார்த்தால் குழாய் நன்றாகவே இருக்கும். இன்னொருவர் சாக்கடைக் காற்று. அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த வாயு. அது செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகளில் மூன்று வருஷக் காயில் கரிக்கட்டை நிறத்தில் இருப்பதை எத்தனையோ தடவை கழற்றியிருக்கிறேன்.

அதனால் மூன்று கேள்வி. படுக்கையறையில் புது மர அலமாரி ஏதாவது செய்தீர்களா? உள்பெட்டியின் தண்ணீர்க் குழாய் எங்கே போய் விழுகிறது? அந்த அறையில் வெள்ளிச் சாமான் ஏதாவது இருந்தால், அது சீக்கிரம் கறுக்கிறதா?

யாராவது வந்து பார்க்கும்போது நைட்ரஜன் சிலிண்டரோடு வரச் சொல்லுங்கள். இருக்கிற கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றி, நான் பெரும்பாலும் 400 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை ஏற்றுவேன், கம்பெனி சொன்ன அளவைத் தாண்டக் கூடாது, ஓர் இரவு வைத்து அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் சோப்பு நுரை. உள்காயில் துளை என்றால் நுரையில் குண்டூசித் தலை அளவுக்குக் கொப்புளம் வரும், அதுவும் மெதுவாக. ஐந்து நிமிஷம் பொறுமையாகப் பார்க்கிறவன்தான் கண்டுபிடிப்பான். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றுகிறேன் என்று எவனாவது சொன்னால் வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள். கம்ப்ரஸர் எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும், அப்படிச் செத்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸும்கூட. ஓட்டையை வெல்டிங் மாதிரிப் பற்றவைத்து அடைப்பதற்கு முன் குழாயை நைட்ரஜனால் ஊதித் துடைக்கச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கடைசியில் கேஸ் போடும்போது தராசு வேண்டும். வெளிப்பெட்டித் தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும், அதை நிறுத்துத்தான் போட வேண்டும். இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜில் பிரஷரை மட்டும் பார்த்துப் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு உப்புப் போடுவது மாதிரி.

இனி ஈரத்துக்கு வருகிறேன். எங்களூர் ஏசிக்கு மழைக்காலத்தில் முதல் வேலை ஈரத்தை எடுப்பது, குளிர்ச்சி அதற்கப்புறம்தான். வில்லிஸ் கேரியர் 1902ல் முதல் மெஷினை வடிவமைத்தது புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு. ஈரத்தில் காகிதம் ஊதி வண்ணம் விலகுகிறது என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். ஆள் வியர்த்ததற்காக இல்லை.

பத்துக்குப் பதினொன்று அறைக்கு, அதுவும் மேலே வெயில் படாத இரண்டாவது மாடிக்கு, ஒரு டன்னே தாராளம். ஒன்றரை டன் சீக்கிரம் குளிரவைத்துவிட்டு ஓய்ந்துவிடும். நவம்பரில் வெயிலும் இல்லை. கம்ப்ரஸர் மெதுவாக ஓடும், காயில் அவ்வளவாகக் குளிராது, ஈரம் இறங்காது. பிசுபிசுப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஃபேனை அதிவேகத்தில் வைக்காதீர்கள். குறைந்த வேகத்தில் வைத்தால் காயில் நன்றாகக் குளிர்ந்து தண்ணீரைப் பிடிக்கும். ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட டிரை மோட் இருக்கும், மழைக்காலத்துக்கு அதுதான். அப்புறம் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, குழாய் போகும் சுவர் ஓட்டை எல்லாவற்றையும் அடையுங்கள். நீங்கள் எடுக்கும் ஈரத்தைவிட வெளியிலிருந்து வரும் ஈரம் அதிகமாக இருந்தால் எந்த மெஷினும் தோற்கும்.

ஹால் சுவர் மர்மம் இதோ. பிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜையில் வைத்த சோடா பாட்டில் வெளியே வியர்க்கிறதே, உங்கள் சுவர்தான் அந்த பாட்டில். வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் பனி படியும். நீங்கள் அந்தப் பக்கம் 19ல் வைக்கிறீர்கள். நடுவில் நாலரை அங்குலச் சுவர். ஹால் பக்கம் சில்லென்று இருக்கும். அலமாரிக்குப் பின்னால் காற்றோட்டமும் இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தெரிய வேண்டியதில்லை, சுவர் ஒட்டிய காற்று ஈரமாக இருந்தாலே பூஞ்சைக்குப் போதும். 19ஐ விட்டுவிட்டு 26ல் வைத்து, சீலிங் ஃபேனை ஒன்றில் விடுங்கள். 2020 ஜனவரியிலிருந்து வரும் ஸ்டார் லேபிள் ஏசிகள் போட்டதும் 24ல்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதியே வைத்திருக்கிறது, அதற்குக் கீழே இறக்குவது நம் கை. அலமாரியை நாலு விரல் தள்ளி வையுங்கள்.

கொட்டிவாக்கம் டீச்சர்:

தம்பி, உங்கள் மூன்று கேள்வியைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மர அலமாரி எதுவும் புதிதாகச் செய்யவில்லை, பழைய கோத்ரெஜ் பீரோதான். ஆனால் சின்ன வீடு என்பதால் சாமி அலமாரி படுக்கையறையில்தான் இருக்கிறது, ஏசிக்கு நேர் கீழே. அம்மா கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்கு இருக்கிறது. போன இரண்டு வருஷமாக வாரம் ஒரு முறை தேய்க்கிறேன், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கறுத்துவிடும். உப்புக் காற்று என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

தண்ணீர்க் குழாயைப் பின்தொடர்ந்து போனேன். சுவருக்குள் புகுந்து குளியலறைக்குப் போகிறது. அங்கே வாஷ்பேசின் கழிவுக் குழாயில் நேராகச் செருகி வெள்ளை சிமென்ட் பூசியிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் பால்கனியில் தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ்வீட்டுக்காரர் சண்டை போட்டபோது செய்த ஏற்பாடு அது. அதற்கு முன் வெளியேதான் விழுந்துகொண்டிருந்தது. கேஸ் குறைய ஆரம்பித்தது 2023.

வெளிக்காயிலைப் போய்ப் பார்த்தேன். லேசாகத் துரு, மாவாக உதிரவில்லை.

ஈசிஆர் மெக்கானிக்:

அம்மா, பாதிக் கணக்கை நீங்களே போட்டுவிட்டீர்கள். வாஷ்பேசினுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய் இருக்கும்; செருகிய இடம் அதற்கு அப்பால் இருந்தால், சாக்கடைக் காற்றுக்கும் உங்கள் ஏசிக்கும் நடுவில் தண்ணீர்த் தடுப்பே கிடையாது. ஏசி தண்ணீர் வடிகிற பாதையிலேயே அந்தக் காற்று மேலே ஏறி, ஈரமான காயிலில் இரவெல்லாம் படும். வெள்ளியைக் கறுக்கவைப்பதும் செம்பைக் கறுக்கவைப்பதும் ஒரே ஆள்தான். கழற்றும்போது ஓரத்தில் தெரியும் செம்பு வளைவுகளைப் பாருங்கள், கறுத்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

சுவரில் தண்ணீர் வழிவதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதியில் பனிக்கட்டி கட்டும், மெஷின் நின்றதும் அது உருகித் தட்டுக்கு வெளியே சொட்டும். அல்லது குழாய்க்குள் வழுவழுவென்று பாசி அடைத்திருக்கும். ஒன்றரை டன் மெஷின் மழைக்காலத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுக்கும், அத்தனைக்கும் சின்னக் குழாய் ஒன்றுதான் வழி. குழாய் முழுக்க இறக்கமாகப் போக வேண்டும், நடுவில் தொய்வு கூடாது, நுனி வாளித் தண்ணீருக்குள் முங்கக் கூடாது.

புது மெஷின் வாங்காதீர்கள். குழாயை மாற்றாமல் புதிது மாட்டினால் அதையும் இதே காற்று தின்னும். கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். காயிலுக்கு எத்தனை வருஷம் என்று வாரன்டி அட்டையின் சின்ன எழுத்தில் தேடுங்கள்.

பல் டாக்டர், தாம்பரம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். வளைகுழாய் என்றதும் கேட்கத் தோன்றியது. என் கிளினிக்கில் சீலிங்குக்குள் டக்டபிள் ஏசி (தகரக் குழல் வழியாகக் காற்றை அனுப்புவது), ஐந்தரை டன். ஓடும்போது ஃபால்ஸ் சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறது, அணைத்ததும் குழாயில் குபுகுபுவென்று தண்ணீர் கொட்டுகிறது. குழாயை மூன்று தடவை சுத்தம் செய்துவிட்டார்கள். அடைப்பே இல்லை என்கிறார்கள்.

ஈசிஆர் மெக்கானிக்:

கோளாறு அடைப்பு இல்லை சார், குழாயில் வளைவு இல்லாததுதான். உங்கள் மெஷினில் புளோயர், அதாவது காற்றைத் தள்ளும் விசிறி, காயிலுக்குப் பின்னால் நின்று காற்றை உறிஞ்சுகிறது. அதனால் தண்ணீர்த் தட்டு இருக்கும் இடத்தில் வெளியைவிடக் காற்றழுத்தம் குறைவு. வடிகுழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், எதிரே வரும் தண்ணீரை இறங்கவிடாது. ஸ்ட்ராவில் உறிஞ்சிப் பிடித்தால் ஜூஸ் அப்படியே நிற்கிறதே, அது மாதிரி. அணைத்ததும் உறிஞ்சல் நிற்கும், தண்ணீர் குபீரென்று இறங்கும். மெஷினை விட்டு வெளியே வந்ததும் யூ வடிவில் ஒரு டிராப், இரண்டு அங்குல ஆழத்துக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள். சில நாள் கிளினிக்கை மூடினால் அந்த டிராப் காய்ந்துவிடும், திறக்கிற அன்று ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு ஆன் பண்ணுங்கள்.

குன்னூர் விடுதிக்காரன்:

நீங்களெல்லாம் குளிர்ச்சிக்குச் சண்டை போடுகிறீர்கள், எனக்குச் சூட்டுக்குச் சண்டை. ஆனால் வில்லன் அதே ஈரம்தான்.

நாலு அறை வைத்து விடுதி நடத்துகிறேன். முன்பு அறைக்கு ஒரு சிலிண்டர் ஹீட்டர் வைத்திருந்தேன். அறை சூடாகும், ஆனால் காலையில் கண்ணாடியெல்லாம் தண்ணீர் ஓடும், மெத்தை மக்கிய வாடை வரும். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர்தான் சொன்னார், ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும், ஹீட்டர் என்ற பெயரில் அறைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாய் என்று. மூடிய அறையில் அந்த ஹீட்டரின் நச்சுப் புகை ஆளையே கொல்லும் என்பது வேறு விஷயம். கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்கிச் செத்தவர்கள் செய்தி மலைப்பக்கம் எல்லாக் குளிர்காலத்திலும் வரும், கேஸ் ஹீட்டருக்கும் அதே ஆபத்து உண்டு. என் விடுதியில் இரண்டுக்கும் இப்போது இடமில்லை.

பதிலுக்கு ஹாட் அண்ட் கோல்ட் ஏசி போட்டேன். முதல் ஜனவரியில் ராத்திரி இரண்டு மணிக்கு விருந்தாளி ஒருவர் போன் பண்ணி, "சார், வெளிப்பெட்டியில புகை வருது, தீப்பிடிச்சிருச்சு" என்றார். லுங்கியோடு தீயணைப்பான் தூக்கிக்கொண்டு ஓடினேன். புகையில் வாடையே இல்லை. சூடாக்கும்போது வெளிக்காயில்தான் குளிரும், ஈரக் காற்று அதில் பனியாக உறையும். பத்து நிமிஷத்துக்கு மெஷின் தானே திசையை மாற்றி அந்தப் பனியை உருக்கும், அப்போது எழுந்த ஆவிதான் அது. உள்ளே ஃபேன் நின்றுபோவதால் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டு ஐந்நூறு ரூபாய் அழுதவர்கள் இங்கே நிறைய. இப்போது எல்லா அறையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். வெளிப்பெட்டியைத் தரையோடு வைக்காமல் ஓரடி உயர்த்தியும் விட்டேன். உருகிய தண்ணீர் அடியில் தேங்கி மறுபடி உறைந்து ஃபேன் இலையில் உரசியது.

சும்மா சொல்றேன்:

ஆவடியில இதெல்லாம் இல்ல.

கொட்டிவாக்கம் டீச்சர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். புயல் மழையில் ஆள் கிடைக்கவில்லை.

நைட்ரஜன் வைத்திருக்கிறாரா என்று கேட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டேன். மூன்று பேர் "அதெல்லாம் தேவையில்ல மேடம்" என்றார்கள், நாலாவது ஆள் வந்தார். ராத்திரி 400ல் வைத்த முள் காலையில் 310ல் நின்றது. உள்காயிலின் வலது ஓரத்தில் இரண்டு வளைவு, பழைய இட்லிப் பாத்திரத்தின் அடி மாதிரிக் கறுப்பு. அங்கேதான் கொப்புளம். அவர் சொன்னதும் நானும் டார்ச் அடித்துப் பார்த்தேன். பற்றவைக்கவா என்று கேட்டார். பக்கத்து வளைவும் அதே நிறத்தில் இருந்ததால் காயிலையே மாற்றச் சொன்னேன். வாரன்டி அட்டையில் காயிலுக்கு ஒரு வருஷம்தான். காயில், கேஸ், கூலி எல்லாம் 11,800. குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேக்யூம் பம்பை முக்கால் மணி நேரம் ஓட்டினார், தராசில் வைத்துக் கேஸ் போட்டார். வெளிப்பெட்டிக்குள் சர்க்யூட் போர்டு மேல் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. அதையும் எடுத்துவிட்டு, ஓட்டையில் வலை வைத்துக் கொடுத்தார்.

தண்ணீர்க் குழாயைக் குளியலறையிலிருந்து பிடுங்கி, பால்கனியில் வாளி வைத்துவிட்டேன். நுனி வாளியின் விளிம்புக்கு மேல்தான் நிற்கிறது. விடியும்போது முக்கால் வாளி நிரம்பியிருக்கும், அதில்தான் பால்கனி கழுவுகிறேன். கீழ்வீட்டுக்காரரை வரவழைத்து வாளியைக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. கழிவுக் குழாயில் இருந்த ஓட்டையைப் பிளம்பர் மூடிவிட்டார்.

டிரை மோட், 26, ஃபேன் ஒன்றில். முதல் இரண்டு நாள் சரிவருமா என்று சந்தேகமாக இருந்தது, இப்போது போர்வை தேவைப்படுகிறது. ஹால் சுவரை இன்னும் சுரண்டவில்லை, மழை விடட்டும். விளக்கை இரண்டு வெள்ளிக்கிழமையாகத் தேய்க்கவில்லை.

தம்பி, அந்த நாலு பில்லையும் வைத்துக்கொண்டு பழைய சர்வீஸ்காரர்களிடம் பணம் கேட்க முடியுமா? அல்லது 12,600ஐ மறந்துவிடுவதா?

ஈசிஆர் மெக்கானிக்:

கேளுங்கள் அம்மா. கடைசியாக ஏப்ரலில் போட்டதற்காவது கேளுங்கள். பில்லில் கசிவு சோதனை என்று காசு போட்டிருந்தால், எந்த இடத்தில் சோதித்தார்கள், எத்தனை பிஎஸ்ஐ என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.